டிவி போச்சா? எந்தப் பாகம் போச்சுன்னு முதல்ல கேளு

தங்கச்சி, வீட்டில் டிவி நின்றுபோனால் அன்றைக்கே இரண்டு கட்சி உருவாகிவிடும். "இதுக்கு மேல செலவு பண்றது வேஸ்ட், புதுசு வாங்கிடலாம்" என்று ஒரு கட்சி. "நல்லா ஓடிக்கிட்டிருந்ததுதானே, மெக்கானிக்கைக் கூப்பிட்டா சரியாயிடும்" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் டிவியின் வயதை வைத்துத்தான் வாதாடும். வயது ஓரளவுக்குத்தான் உதவும். எட்டு வருடம் ஓடிய டிவி 2,000 ரூபாய்ச் செலவில் இன்னும் சில வருடம் ஓடலாம். வாங்கி இரண்டே வருடமான டிவியில் காசு போடுவது வீணாகவும் போகலாம். எந்தப் பாகம் போயிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். அதனால் விலை பேசுவதற்கு முன்னால், ஆடித் தள்ளுபடி விளம்பரத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால், பாகத்தைக் கண்டுபிடி.

இப்போது பெரும்பாலான வீடுகளில் இருப்பது எல்.இ.டி. டிவிதான். அதன் உள்ளே முக்கியமான சமாச்சாரம் நான்கு. கரன்டை வாங்கிப் பிரித்துக் கொடுப்பது பவர் போர்டு. செட்டாப் பாக்ஸ், பென் டிரைவ், வைஃபை எதிலிருந்து வந்தாலும் அதைப் படமும் சத்தமுமாக மாற்றுவது மெயின் போர்டு. சில மெக்கானிக்குகள் மதர் போர்டு என்பார்கள். முன்னால் படம் தெரிகிற பரப்பு பேனல். அந்தப் பேனலுக்குப் பின்னால் பட்டி பட்டியாக எரிகிற சின்ன எல்.இ.டி. விளக்குகள் பேக்லைட். பேனலுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, பின்னால் விளக்கு எரிந்தால்தான் படம் நம் கண்ணுக்குத் தெரியும். இதை மனதில் வைத்துக்கொள், கொஞ்ச நேரத்தில் உதவும். மெயின் போர்டுக்கும் பேனலுக்கும் நடுவே டி-கான் என்று ஒரு சின்ன போர்டும் உண்டு. சில மாடல்களில் அது தனியாக இருக்காது.

இதில் பவர் போர்டு, மெயின் போர்டு, பேக்லைட் மூன்றையும் சரிபார்க்க முடியும், பெரும்பாலும் சரிபார்க்கத்தான் வேண்டும். பேனல் வேறு கதை. டிவியின் விலையில் பெரும்பங்கு பேனலுக்குத்தான் போகிறது. வாரண்டி முடிந்தபிறகு அதை மாற்ற விலை கேட்டால், புது டிவி விலையில் பாதிக்கு மேல் சொல்வார்கள். சில மாடல்களுக்கு முழு விலையை ஒட்டியே வந்துவிடும். பேனல் போயிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டு புதுசு பார். மற்ற மூன்றில் ஒன்று என்றால் அவசரப்படாதே.

எந்தப் பாகம் என்று ஓரளவு நீயே கண்டுபிடித்துவிடலாம். டிவியின் முதுகைக் கழற்ற வேண்டிய அவசியமில்லை, கழற்றவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டில் இருக்கிற பெரிய கெபாசிட்டரில் கொஞ்ச நேரம் ஆபத்தான அளவு கரன்ட் தங்கியிருக்கும். பழைய டப்பா டிவியில் இன்னும் மோசம், பிக்சர் டியூபுக்குப் போவது 20,000 வோல்ட்டுக்கும் மேல். அணைத்த பிறகும் அந்த டியூப் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்குரூ டிரைவர் வீட்டில் இருக்கிறதே என்று மாப்பிள்ளை ஆர்வமாகக் கிளம்பினால் தடுத்துவிடு.

முதலில் டிவிக்கு வெளியே இருப்பதைப் பார். அதே பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைச் செருகு, கரன்ட் வருகிறதா என்று தெரிந்துவிடும். டிவி பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விட்டுத் திரும்பப் போடு. மெயின் போர்டில் இருக்கிற சாஃப்ட்வேர் சிக்கிக்கொண்டிருந்தால் இதிலேயே எழுந்துவிடும். ரிமோட் வேலை செய்யவில்லை என்று சந்தேகமா, அதன் முனையைச் செல்போன் கேமராவுக்கு நேராகப் பிடித்து ஏதாவது பட்டனை அழுத்து. கேமராவில் ஊதாவோ வெள்ளையோ ஒரு புள்ளி மினுக்கினால் ரிமோட் நன்றாக இருக்கிறது. பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பார், அதில் பெரும்பாலும் தெரியும். கண்ணால் பார்த்தால் தெரியாது.

அடுத்தது மெனு சோதனை. படம் உடைகிறது, கட்டம் கட்டமாக வருகிறது, கோடு விழுகிறது என்றால் ரிமோட்டில் செட்டிங்ஸ் அல்லது மெனு பட்டனை அழுத்து. அந்த மெனு டிவி தானே வரைவது. மெனு சுத்தமாகத் தெரிந்து, பின்னால் ஓடுகிற சேனல் மட்டும் உடைந்தால் குற்றவாளி செட்டாப் பாக்ஸ், கேபிள் வயர், எச்.டி.எம்.ஐ. வயர் இவற்றில் ஒன்று. வயரை மாற்று, பக்கத்து எச்.டி.எம்.ஐ. ஓட்டையில் செருகிப் பார், கேபிள்காரருக்குப் போன் போடு. கேபிள் பெட்டியின் கோளாறுக்காகப் புது டிவி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். இந்த ஒரு பட்டனை அழுத்திப் பார்த்திருந்தால் அந்தப் பணம் கையில் இருந்திருக்கும். மெனுவின் மேலேயே கோடு ஓடினால் பழுது டிவிக்குள்.

சத்தம் வருகிறது, படம் இல்லை, திரை கறுப்பு. இதுதான் எல்.இ.டி. டிவியில் அடிக்கடி வருகிற புகார். ராத்திரி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, டிவியை ஓடவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடித்து உற்றுப் பார். மங்கலாக ஆட்கள் நடமாடுவது தெரிகிறதா? அப்படியென்றால் பேனல் படத்தை வரைந்துகொண்டுதான் இருக்கிறது, பின்னால் விளக்குதான் எரியவில்லை. இது நல்ல செய்தி. பல டிவிகளில் பேக்லைட் விளக்குகள் தொடராக இணைந்திருக்கும், ஒன்று அணைந்தால் வரிசை முழுக்க அணைந்துவிடும். 32 இன்ச் டிவிக்கு பேக்லைட் மாற்ற, ஊரையும் மாடலையும் பொறுத்து, ஏறத்தாழ 1,500லிருந்து 3,000 ரூபாய்க்குள் கேட்பார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் போன ஒரு விளக்கை மட்டும் மாற்றச் சொல்லாதே, பட்டிகளை மொத்தமாக மாற்றச் சொல். மற்ற விளக்குகளும் அதே வயதுதான், ஒவ்வொன்றாக அணையும். ஒவ்வொரு தடவையும் பேனலைக் கழற்றிக் கழற்றி மாட்டுவதுதான் பெரிய ஆபத்து.

அந்த ஆபத்தைப் பற்றி வேலை தொடங்கும் முன்பே மெக்கானிக்கிடம் பேசிவிடு. பேக்லைட்டை மாற்றப் பேனலை முழுதாகத் தூக்க வேண்டும், பெரிய சைஸ் என்றால் இரண்டு பேர் வேண்டும். தூக்கும்போது விரிசல் விட்டால் யார் பொறுப்பு? "அண்ணே, பேனல் உடைஞ்சா என்ன பண்றது?" என்று தன்மையாகக் கேள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார், நேராகப் பதில் சொல்வார். மழுப்பினால் வேறு ஆள் பார். மாற்றி முடித்ததும் இன்னொரு வேலை இருக்கிறது. கடையிலிருந்து வரும்போது பெரும்பாலான டிவிகளில் வெளிச்சத்தை மிக அதிகமாக வைத்துத்தான் அனுப்புகிறார்கள். பிக்சர் செட்டிங்கில் பேக்லைட் என்று இருக்கும், அதை 100லிருந்து 60 பக்கம் இறக்கு. வீட்டுக்குள் பார்க்க அது போதும், விளக்கின் ஆயுளும் கூடும். உன் டிவி இன்னும் நன்றாக ஓடுகிறது என்றாலும் இதை இன்றைக்கே செய்.

சிவப்பு விளக்குகூட எரியவில்லை, செத்த மாதிரி கிடக்கிறது என்றால் பயப்படாதே. பெரும்பாலும் பவர் போர்டுதான். ஃபியூஸோ, உப்பிப்போன கெபாசிட்டரோ போயிருக்கும். உள்ளூர் மெக்கானிக் அந்த உதிரிப்பாகத்தை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார், சில நூறு ரூபாயில் முடிகிற வேலையும் உண்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பொதுவாக உதிரியைத் தொட மாட்டார்கள், போர்டையே மாற்றுவார்கள், பில் ஏறிவிடும். சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுக்கினால் எத்தனை தடவை மினுக்குகிறது என்று எண்ணி வை. பல கம்பெனிகளில் அது பழுதைச் சொல்லும் குறி. மெக்கானிக்கிடம் போனிலேயே சொன்னால் அவர் சரியான சாமானோடு வருவார்.

இனி பேனல் பழுதின் அடையாளங்கள். பந்து பட்டோ, பிள்ளை பொம்மையை எறிந்தோ, திரையில் சிலந்தி வலை மாதிரி விரிசலும் மை சிந்தியது போலக் கறுப்பும் இருந்தால் கேள்வியே இல்லை, பேனல் காலி. இது வாரண்டியிலும் வராது. அடி எதுவும் படாமல் நெடுக்காக நிறக் கோடுகள் நிரந்தரமாக நின்றால், திரையில் பாதி வெளுத்துப்போனால், பேனலோ டி-கானோ அவற்றை இணைக்கிற ரிப்பனோ காரணமாக இருக்கலாம். டி-கான் என்றால் மாற்றிவிடலாம். ஆகவே இந்த இடத்தில் மட்டும் உன் ஊகத்தை நம்பாமல் ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல். ரிப்பனில் டேப் ஒட்டி, கோட்டை மறைத்துக் கொடுக்கிற வைத்தியமும் நடக்கிறது. செய்த அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், எத்தனை நாள் நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. அதற்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதே.

பேனல் போவதற்கு நம் வீடுகளில் ஒரு காரணம் இருக்கிறது, அதைப் பற்றி நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேயிருக்கிறேன். போகிக்கும் சரஸ்வதி பூஜைக்கும் வீடு துடைக்கிற வேகத்தில் டிவியையும் ஈரத்துணியால் துடைக்கிறோம். கண்ணாடி துடைக்கிற ஸ்பிரேயை நேரே திரையில் அடிக்கிறோம். அந்தத் தண்ணீர் வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கும். பேனலை இயக்குகிற மெல்லிய ரிப்பன்களும் சில்லுகளும் நிறைய மாடல்களில் அங்கேதான் இருக்கின்றன. பூஜை முடிந்து டிவியைப் போட்டால் கோடு விழுந்திருக்கும். டிவியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, உலர்ந்த மென்மையான துணியால் மேலாகத் துடைத்தால் போதும். கறை போகவில்லையென்றால் துணியை லேசாக நனைத்து நன்றாகப் பிழிந்து துடை. தண்ணீர் ஒருபோதும் நேராகத் திரையில் படக்கூடாது. வேலைக்கு வருகிற அக்காவிடமும் சொல்லி வை.

நீ கடலூரில் இருக்கிறாய், அதனால் இதையும் சொல்கிறேன். கடல் காற்றின் உப்பு ஈரம் போர்டுகளில் பச்சை பிடிக்க வைக்கும். டிவியை நாள் கணக்கில் போடாமல் வைப்பதைவிடத் தினமும் கொஞ்ச நேரம் ஓடவிடுவது நல்லது, உள்ளே சூடாகி ஈரம் உலரும். பின்பக்கக் காற்றோட்ட ஓட்டைகள் வழியாகப் பல்லி புகுந்து போர்டில் ஷார்ட் ஆவதும் உண்டு. சுவரில் மாட்டிய டிவியின் பின்னால் அது குடியிருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் இடி மின்னல் வரும்போலத் தெரிந்தால், அது தொடங்கும் முன்பே கரன்ட் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, கேபிள் வயரையும் பெட்டியிலிருந்து கழற்று. மின்னல் நேரத்தில் அந்த வயர் வழியாக வருகிற அதிர்ச்சி செட்டாப் பாக்ஸைத் தாண்டி எச்.டி.எம்.ஐ. வழியாக மெயின் போர்டையும் அடித்துவிடும். டிஷ் ஆன்டெனா என்றாலும் இதே ஜாக்கிரதைதான். இந்தக் காலத்து டிவிகள் பலவற்றின் முதுகில் 100-240 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். அப்படி இருந்தால் தனி ஸ்டெபிலைசர் அநேகமாகத் தேவைப்படாது. நல்ல எர்த்தும் ஒரு தரமான ஸ்பைக் கார்டும் அதைவிட முக்கியம்.

மெக்கானிக்கை எப்படிப் பிடிப்பது? வாரண்டி இருக்கிறதா என்று முதலில் பில்லை எடுத்துப் பார். சில மாடல்களில் பேனலுக்கு மட்டும் தனியாகக் கூடுதல் வருடம் கொடுத்திருப்பார்கள், அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும். வாரண்டிக்குள் இருந்தால் கம்பெனிக்குத்தான் போன் போட வேண்டும், வெளி ஆள் கழற்றினால் வாரண்டியை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். கம்பெனி நம்பரை கூகுளில் தேடி முதலில் வருவதைக் கூப்பிடாதே. போலி கஸ்டமர் கேர் நம்பர்கள் ஏராளம். முன்பணம் அனுப்பு, ஓ.டி.பி. சொல், இந்த ஆப்பை இறக்கு என்று தொடங்கிவிடுவார்கள். வாரண்டி அட்டையில் அல்லது கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் நம்பர்தான் நம்பர். வாரண்டி இருந்தும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் பதிவு செய்ய ஒரு பைசா செலவில்லை.

வாரண்டி முடிந்திருந்தால் நான் உள்ளூர் ஆளையே முதலில் கூப்பிடுவேன். தெருவில் பத்துப் பேர் வீட்டு டிவியைப் பார்த்தவராக இருக்க வேண்டும். அவர் வருவதற்கு முன்பே டிவி முதுகில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பர் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பு. வந்து பார்ப்பதற்கு எவ்வளவு என்று முன்பே கேள். பழுதைச் சொன்னதும், "போர்டையே மாத்தணுமா, போர்டுலயே சர்வீஸ் பண்ண முடியுமா?" என்று கேட்க மறக்காதே. இந்த ஒரு கேள்வியில் செலவு பாதியாகக் குறையலாம். கடைக்கு எடுத்துப்போகிறேன் என்றால், அவர் முதுகைக் கழற்றி வைத்திருக்கும்போதே உள்ளே இருக்கிற போர்டுகளைப் போட்டோ எடுத்துக்கொள். மாற்றினால் பழைய பாகத்தைத் திருப்பிக் கேள். பில்லில் என்ன மாற்றினார், எத்தனை மாத கேரன்டி என்று கையால் எழுதிக் கொடுத்தாலும் போதும். மூன்று மாதமாவது கேட்டு வாங்கு.

சிலர் ஒரிஜினல் மெயின் போர்டு கிடைக்கவில்லை, யுனிவர்சல் போர்டு போடுகிறேன் என்பார்கள். டிவி ஓடும். ஆனால் பழைய மெனு, ஆப்கள், சில சமயம் படத்தின் தரம் எல்லாம் மாறிவிடும், ரிமோட்டும் வேறாகிவிடும். படுக்கையறை டிவிக்கு, கடைக்கு என்றால் சரி. ஹாலில் வைக்கிற பெரிய டிவிக்கு நான் சம்மதிக்க மாட்டேன். சென்னையில் யாராவது இருந்தால் ரிச்சி தெருவில் மாடல் நம்பரைக் கொடுத்து விசாரிக்கச் சொல். பழைய டிவிகளிலிருந்து கழற்றிய ஒரிஜினல் போர்டுகள் அங்கே கிடைக்க வாய்ப்புண்டு.

பணக் கணக்குக்கு வருவோம். நான் வைத்திருக்கிற கணக்கு இது. ஐந்து வருடத்துக்குள் இருக்கும் டிவி என்றால், அதே சைஸில் இன்றைக்குப் புதுசு விற்கிற விலையில் பாதி வரைக்கும் பழுதுபார்க்கலாம். ஐந்து வருடம் தாண்டினால் மூன்றில் ஒரு பங்கு. பத்தை நெருங்கினால் கால் பங்குக்கு மேல் வேண்டாம். வாங்கின விலையோடு ஒப்பிடாதே, அங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். "32,000 கொடுத்து வாங்கினது, 9,000 கொடுத்தா என்ன?" என்று தோன்றும். அந்த 32,000 போய் வருடமாகிறது. இன்றைக்கு 32 இன்ச் சாதாரண டிவி 10,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கத் தொடங்கிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது, ஆகவே பெரிய டிவியின் பழைய விலையை மனதில் வைத்துக் கணக்குப் போடாதே. ஒரே வருடத்தில் இரண்டாவது தடவையாக வெவ்வேறு போர்டு போனால், கணக்கு எதுவாக இருந்தாலும் நிறுத்திக்கொள்.

கரன்ட் மிச்சமாகும் என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் காரணமாக எடுத்துக்கொள்ளாதே. 21 இன்ச் டப்பா டிவி 80 வாட் எடுக்கிறது, தினமும் ஆறு மணி நேரம் ஓடுகிறது என்று வை. நம் இரண்டு மாதக் கணக்கில் 29 யூனிட் வரும். 45 வாட் எடுக்கும் 32 இன்ச் எல்.இ.டி. என்றால் 16 யூனிட். மிச்சம் 13 யூனிட், பெரும்பாலான வீடுகளில் நூறு ரூபாயைத் தாண்டாது. அதற்குப் பதில் 120 வாட் எடுக்கும் 55 இன்ச்சை வாங்கினால் 43 யூனிட், பழைய டப்பாவைவிட அதிகம். பெரிய திரை வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கு, அதில் தப்பில்லை. கரன்ட் பேரைச் சொல்லி வாங்காதே.

டிவி நன்றாக ஓடுகிறது, யூடியூப் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது, ஓ.டி.டி. ஆப் "இந்த டிவியில் இயங்காது" என்கிறது என்றால் அது பழுதே இல்லை. பேனலும் போர்டும் நன்றாக இருக்கும்போது டிவிக்குள்ளிருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் மட்டும் கிழடாகிவிட்டது. வேண்டாத ஆப்களை நீக்கு, அப்டேட் போடு, அதற்கும் அசையவில்லையென்றால் ஃபேக்டரி ரீசெட் செய். பிறகும் அப்படியே என்றால் எச்.டி.எம்.ஐ.யில் செருகுகிற ஃபயர் டிவி ஸ்டிக் மாதிரி ஒன்று சில ஆயிரத்தில் கிடைக்கிறது. டிவி மறுபடி ஸ்மார்ட் ஆகிவிடும். ஸ்டிக்குக்கான கரன்டை அதோடு வருகிற அடாப்டரிலிருந்தே கொடு, டிவியின் யு.எஸ்.பி. ஓட்டையிலிருந்து எடுத்தால் பல டிவிகளில் போதாமல் அடிக்கடி அணைந்து எரியும்.

இப்போது, யாரும் கணக்கில் சேர்க்காத ஒரு செலவு. அந்த டிவியை அதிகம் பார்ப்பது யார்? நம் வீடுகளில் பெரும்பாலும் அம்மா, அப்பா, மாமியார். நம் அம்மாவையே எடுத்துக்கொள். பழைய டிவியில் பட்டனைப் போட்டதும் சேனல் வந்துவிடும், நம்பரை அழுத்தினால் சீரியல். புது ஸ்மார்ட் டிவியைப் போட்டால் பத்துப் பன்னிரண்டு படங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. சேனலுக்குப் போக எச்.டி.எம்.ஐ. ஒன்று என்று தேர்வு செய்ய வேண்டும், இரண்டு ரிமோட்டைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அம்மா யாராவது வரும்வரை டிவியைப் போடாமல் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று கேட்கவும் மாட்டார்கள். தனியாக இருக்கிற வயதானவர்களுக்கு அந்தப் பெட்டிதான் பேச்சுத்துணை. அதனால் அவர்கள் டிவி சரிபார்க்கக் கூடிய நிலையில் இருந்தால், கணக்கு கொஞ்சம் இடித்தாலும் சரிபார்த்துக் கொடு என்பதுதான் என் கருத்து. மாற்றியே ஆக வேண்டுமென்றால் போட்டதும் நேரே செட்டாப் பாக்ஸுக்குப் போகிற மாதிரி அமைக்க முடியுமா என்று கடையிலேயே கேட்டு, செய்துகாட்டச் சொல்லி வாங்கு. பல மாடல்களில் அந்த வசதி செட்டிங்கில் இருக்கிறது. ரிமோட்டில் தேவையான நான்கு பட்டன்களுக்கு மட்டும் நெயில் பாலிஷில் புள்ளி வைத்துக் கொடு.

டப்பா டிவிக்குத் தனியாகச் சில வார்த்தை. 2006லிருந்து அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவி இன்னும் சில வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. செட்டாப் பாக்ஸின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரைச் செருகினால் இன்றைக்கும் படம் தரும். திரையின் ஓரத்தில் பச்சையோ ஊதாவோ திட்டு விழுந்தால் பக்கத்தில் ஸ்பீக்கர் ஏதும் இருக்கிறதா பார், அதன் காந்தம்தான் காரணம். ஸ்பீக்கரைத் தள்ளி வைத்து, டிவியை அரை மணி நேரம் அணைத்துப் போட்டால் திட்டு மறையலாம். சின்ன உதிரிப் பழுது என்றால் சரிபார்த்துக்கொள். பிக்சர் டியூப் போய்விட்டால் விட்டுவிடு, புதுசாக டியூப் செய்வார் இல்லை. வீட்டில் தவழ்கிற குழந்தை இருந்தால் இன்னொன்று. டப்பா டிவியின் கனமெல்லாம் முன்பக்கம். ஆடுகிற ஸ்டூலில் வைத்து, குழந்தை வயரை இழுத்தால் முன்னால் கவிழும். அந்த வீட்டில் டப்பா டிவியை விட்டுவிட, அது ஓடுகிறதா இல்லையா என்பதைவிட இது பெரிய காரணம்.

புதுசுதான் என்று முடிவானால் கடைக்குப் போவதற்கு முன் உட்காருகிற இடத்திலிருந்து சுவர் வரை டேப் பிடித்து அள. திரையின் குறுக்களவைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு தூரம் இருந்தால் கண்ணுக்கு இதம். 43 இன்ச்சுக்கு ஐந்தரை அடியிலிருந்து ஏழடி. உன் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிற கம்பெனியாகப் பார், பேனலுக்கு எத்தனை வருட வாரண்டி என்று பில்லிலேயே எழுதி வாங்கு. எச்.டி.எம்.ஐ. ஓட்டை மூன்று இருந்தால் நிம்மதி. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடு. திரையில் அடி இருந்தால் அந்த வீடியோதான் பேசும். இது ஆன்லைனில் வாங்கினால் ரொம்பவே முக்கியம்.

பழைய டிவியை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன் தெரு மெக்கானிக்கிடம் ஒரு விலை கேட்டுப் பார். பேனல் உடைந்த டிவியில்கூட பவர் போர்டும் மெயின் போர்டும் நன்றாக இருக்கும், அவருக்கு அது வேண்டும். சில சமயம் கடை தருவதைவிடக் கூட வரும். ஸ்மார்ட் டிவி என்றால் கொடுப்பதற்கு முன் கூகுள், யூடியூப், ஓ.டி.டி. கணக்குகள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்துவிடு. திரை போய் ஒன்றும் தெரியாத டிவி என்றால் உன் செல்போனில் கூகுள் கணக்கைத் திறந்து, எந்தெந்தக் கருவிகளில் உள்நுழைந்திருக்கிறது என்ற பட்டியலில் அந்த டிவியை நீக்கு. ஓ.டி.டி. கணக்குகளிலும் இதே மாதிரி செய்.

யாருக்கும் உதவாத டப்பா டிவியைக் குப்பைத் தொட்டி ஓரம் வைத்துவிட்டு வராதே. அதன் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது, ஆரம்பகால எல்.சி.டி. டிவிகளின் விளக்குக் குழலில் பாதரசம் இருக்கிறது. காயலான் கடையில் செம்புக்காக வயரை எரிக்கும்போது அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது பக்கத்தில் விளையாடுகிற பிள்ளைகள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பை டிவி தயாரிக்கிற கம்பெனிகள் மேல் வைத்திருக்கின்றன. கம்பெனியின் இணையதளத்தில் பழைய டிவியைத் திரும்ப எடுப்பது பற்றிய பகுதி இருக்கிறதா என்று பார், அல்லது பதிவு பெற்ற மின்னணுக் கழிவு மையம் உன் மாவட்டத்தில் எது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேள். தூக்கிவிடுவதற்கு முன் ரிமோட்டிலிருந்து பேட்டரியை எடுத்துவிடு, பின்னால் செருகியிருக்கிற பென் டிரைவையும் பார்.